பழைய பிக்கப்புக்கு வேறு சீற் பூட்டலாம். ஆனால் எதில் பூட்டுகிறோம்?

பழைய பிக்கப் ஒன்றின் முன்சீற் கிழிந்து, பஞ்சு வெளியே வந்து, அடியிலுள்ள கம்பி முதுகில் குத்தத் தொடங்கினால் உரிமையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்து மெத்தையையும் உறையையும் புதுப்பிக்கலாம். அல்லது கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்தோ உள்ளூர் உதிரிப்பாகக் கடையிலிருந்தோ இன்னொரு வாகனத்தின் பாவித்த ஆசனத்தை வாங்கி வந்து பூட்டலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த இரண்டாவது வழி புதியதல்ல. மூவர் நெருக்கியடித்து இருக்கும் நீண்ட பெஞ்ச் சீற்றைக் கழற்றிவிட்டு இரண்டு தனி ஆசனங்களைப் பூட்டுவதும், சாரதியின் பக்கம் தேய்ந்துபோனால் இடது ஆசனத்தை வலதுக்கு மாற்றுவதும் கராச்சுகளுக்குப் பழகிய வேலைதான். இதில் தவறு எதுவும் இல்லை. பல சமயங்களில் இதுவே நல்ல முடிவும்கூட. ஆனால் வாகன ஆசனத்தை வீட்டுக் கதிரை போலத் தளபாடமாகப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. பிறேக்கை எந்தக் கண்ணோடு பார்க்கிறோமோ அதே கண்ணோடு ஆசனம் பூட்டப்பட்டிருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஆசன மாற்றத்தைத் தடை செய்யாமல், அதை எழுதப்பட்ட ஒழுங்குக்கும் ஒருமுறைப் பரிசோதனைக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கோரிக்கை.

பழைய பிக்கப்புகள் ஏன் இன்னமும் ஓடுகின்றன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடியில், ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த மதிப்பு சில வாரங்களுக்குள் 360 ரூபா வரை போனது. இறக்குமதி திறந்த பிறகும் வரிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் புதிய வாகனம் சாதாரண விவசாயிக்கோ மீன் வியாபாரிக்கோ எட்டாத தூரத்தில்தான் நிற்கிறது. நீர்வேலியின் வாழைக்குலைகளும் வலிகாமத்தின் வெங்காயமும் மருதனார்மடம், சுன்னாகம், திருநெல்வேலி, கொடிகாமம் சந்தைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். பருத்தித்துறையிலும் மயிலிட்டியிலும் குருநகரிலும் இறங்கும் மீன் ஐஸ் உருகுவதற்கு முன் ஊர்களுக்குள் போக வேண்டும். இந்த வேலையைச் செய்வது ‘பட்டா’ எனப்படும் சிறு லொறிகளும் இருபது, முப்பது வயதைக் கடந்த ஜப்பானியப் பிக்கப்புகளும்தான். இயந்திரம் ஓடுகிறது, கியர்பெட்டி வேலை செய்கிறது. மனித உடலோடு நேரடியாக உரசும் ஆசனம் மட்டும் தேய்ந்துவிடுகிறது. அதற்காக வாகனத்தையே கைவிடச் சொல்வது நியாயமாகாது.

தேய்ந்த ஆசனத்தை அப்படியே வைத்திருப்பதும் பாதுகாப்பல்ல. சுருள்வில் தளர்ந்து ஒரு பக்கம் அமுங்கிப்போன ஆசனத்தில் இருக்கும் சாரதி நாள் முழுவதும் இடுப்பைச் சரித்தபடியே ஓட்டுகிறார். வாகனத்தின் அதிர்வு முதுகெலும்புக்குச் செய்யும் தீங்கை உலகம் அலட்சியமாக விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வெளியிட்ட பணிப்புரை ஒன்று, எட்டு மணிநேர வேலைநாளுக்கு முழு உடல் அதிர்வு செக்கனுக்குச் செக்கன் 0.5 மீற்றர் என்ற அளவைத் தாண்டினால் தொழில்தருநர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 1.15ஐத் தாண்டவே கூடாது என்றும் வரையறுத்தது. அங்கே கணக்கில் எடுக்கப்பட்ட முதுகும் இங்கே ஆனையிறவைத் தாண்டி ஏ9 வீதியில் தம்புள்ளை வரை மரக்கறி ஏற்றிச் செல்லும் சாரதியின் முதுகும் ஒன்றுதான். பழைய பெஞ்ச் சீற்றுகள் பலவற்றில் தலைதாங்கியும் கிடையாது. பின்னாலிருந்து இன்னொரு வாகனம் மோதினால் கழுத்து பின்புறமாக மடிவதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. தலைதாங்கியும் சரியான முதுகு வளைவும் உள்ள ஆசனத்தைப் பூட்டுவது அந்த வகையில் வாகனத்தை முன்னிருந்ததைவிடப் பாதுகாப்பாக்கும். மாற்றுவதை ஆதரிப்பதற்கு இந்தக் காரணமே போதும்.

இந்த வேலையைச் செய்ய யாழ்ப்பாண மண்ணுக்குத் தனித் தகுதியும் இருக்கிறது. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் எரிபொருளும் மின்கலங்களும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டபோது, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்கள் இங்குள்ள மெக்கானிக்குகள். சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஒரு வாகனத்தின் பாகத்தை இன்னொன்றுக்குப் பொருத்தும் வித்தை அன்று பிழைப்புக்கான அறிவாகவே வளர்ந்தது. நோயாளியை வைத்தியசாலைக்கும் குடும்பத்தை இடம்பெயர்ந்த ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த அறிவு. அது மதிப்போடு பேசப்பட வேண்டியது. அதே மதிப்போடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தடைக்கால அறிவு வாகனத்தை எப்படி ஓட வைப்பது என்ற கேள்விக்கு விடை கண்டது. வாகனம் மோதும்போது உள்ளிருப்பவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைக் கேட்க அன்றைக்கு அவகாசம் இருக்கவில்லை. இன்று அந்த அவகாசம் இருக்கிறது.

மோதலின்போது ஆசனத்துக்கு என்ன நடக்கிறது என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலே சொல்லிவிடும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் என்பது செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர். அந்த வேகத்தில் மதிலில் மோதுவது 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது வளர்ந்த ஒரு பனையின் பாதி உயரத்திலிருந்து, நிலத்தில் விழுவதற்குச் சமம். வாகனத்தின் முன்பகுதி நசுங்குவதாலும் ஆசனப்பட்டி இழுபடுவதாலும் உள்ளிருப்பவர் அரை மீற்றர் தூரத்துக்குள் நிறுத்தப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோ எடையுள்ளவரைத் தடுத்து நிறுத்த சராசரியாக 1,400 கிலோ பாரத்துக்கு இணையான விசை தேவைப்படும். அவருடைய எடையின் இருபது மடங்கு அது. அவர் இருக்கும் 20 கிலோ ஆசனமும் அதே கணத்தில் 400 கிலோ பாரமாகி முன்னோக்கிப் பாய முனைகிறது. இந்த இருபது மடங்குக் கணக்கு பொறியியலாளர்களின் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆசனங்களின் வலிமை பற்றிய ஐக்கிய நாடுகளின் 17ஆம் இலக்க ஒழுங்குவிதி, ஆசனமும் அதன் பிணைப்புகளும் புவியீர்ப்பின் இருபது மடங்கு வேகக்குறைப்பைத் தாங்க வேண்டும் என்கிறது. ஆசனப்பட்டிகளின் பிணைப்புப் பற்றிய 14ஆம் இலக்க ஒழுங்குவிதி, கார்களிலும் சிறிய சரக்கு வாகனங்களிலும் மார்புப் பட்டியை ஏறக்குறைய 1,350 கிலோ விசையாலும் இடுப்புப் பட்டியை அதேயளவு விசையாலும் ஒரே நேரத்தில் இழுத்துச் சோதிக்கச் சொல்கிறது. பட்டியின் பிணைப்பு ஆசனத்திலேயே இருந்தால், ஆசன எடையின் இருபது மடங்கை அதனோடு கூட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. பாவித்த ஆசனத்தைப் பழைய பிக்கப்பில் பூட்டும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய விதி இந்தக் கடைசி விதிதான்.

காரணம் இது. பழைய பிக்கப்புகள் பலவற்றில் ஆசனம் தனி, பட்டி தனி. பட்டியின் மேல்முனை கதவுத் தூணிலும், கீழ்முனையும் பட்டி செருகும் பூட்டும் வாகனத்தின் தரையிலும் பிணைக்கப்பட்டிருக்கும். அங்கே ஆசனத்தின் போல்ற்றுகள் தாங்க வேண்டியது பெரும்பாலும் ஆசனத்தின் எடையை மட்டுமே. பின்னாளில் வந்த கார்களில் செருகுபூட்டு ஆசனத்தின் பக்கத்திலேயே பொருத்தப்பட்டு, ஆசனத்தோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகர்கிறது. சாரதி ஆசனத்தை எங்கே நகர்த்தினாலும் பட்டி சரியான கோணத்தில் அமைவதற்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அத்தகைய ஆசனத்தைக் கழற்றி வந்து, அதன் பூட்டையே பாவிக்கும்படி பழைய பிக்கப்பில் பொருத்தினால், மோதலின்போது மனிதரைத் தடுத்து நிறுத்தும் சுமையின் பெரும் பங்கு ஆசனத்தின் தண்டவாளத்துக்கும் அதன் போல்ற்றுகளுக்கும் அவை நிற்கும் தரைத்தகட்டுக்கும் போகிறது. 400 கிலோவுக்குக் கணக்கிட்ட இடம் ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்க வேண்டியதாகிவிடுகிறது. வெளியே பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கும். பட்டியும் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் பட்டி எதில் நிற்கிறது என்பது மிதிபாயைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

மிதிபாயைத் தூக்கிப் பார்த்தால் தொழிற்சாலை செய்த வேலை முதலில் தெரியும். தரைத்தகடு ஒரு மில்லிமீற்றர் அளவே தடிப்பானது. அதனால் ஆசனம் நிற்கும் இடங்களில் மட்டும் அடியில் குறுக்குச் சட்டம் ஒட்டி, அதற்குள் நட்டை நிரந்தரமாகப் பொருத்தியிருப்பார்கள். போல்ற் பிடித்திருப்பது தகட்டை அல்ல, அந்தச் சட்டத்தை. வேறு வாகனத்தின் ஆசனம் வந்தால் அதன் நான்கு கால்களும் இந்த நான்கு துளைகளோடு பொருந்துவது அரிது. அப்போது இரண்டில் ஒன்று நடக்கிறது: தட்டையான இரும்புப் பட்டத்தால் ஓர் இணைப்பைச் செய்து ஒட்டுகிறார்கள், அல்லது வெறும் தகட்டிலேயே புதிய துளை போட்டு, கீழே சாதாரண வாசர் வைத்து முறுக்கிவிடுகிறார்கள். இரண்டாவது செயல் மிக ஆபத்தானது. பெரும் விசை வரும்போது போல்ற் உடையாது. தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். குடாநாட்டில் இதற்கு இன்னொரு கேடும் சேர்கிறது. கடலுக்கும் நீரேரிக்கும் தொலைவான இடம் இங்கே எதுவுமில்லை. உப்புக்காற்று எல்லா வாகனத்துக்கும் பொது. மீன் ஏற்றும் வாகனத்தில் உப்புநீரும் ஐஸ் தண்ணீரும் மேலதிகமாகச் சேரும். மிதிபாய்க்கு அடியில் தேங்கும் ஈரத்தில் கறள் பிடித்து, சில தரைகள் திருப்புளியால் அழுத்தினாலே உள்ளே போகும் நிலைக்கு வந்துவிடும். அத்தகைய தரையில் எவ்வளவு தடித்த போல்ற் போட்டாலும் பயனில்லை.

சரியாகச் செய்யும் வழியும் கடினமானதல்ல. பந்தய வாகனங்களுக்கான சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனத்தின் (FIA) விதிகள், ஓர் ஆசனத்துக்குக் குறைந்தது நான்கு பிணைப்புகள், 8 மில்லிமீற்றருக்குக் குறையாத போல்ற்றுகள், ஒவ்வொரு பிணைப்பிலும் 40 சதுர சென்ரிமீற்றர் தொடுபரப்புத் தரும் 3 மில்லிமீற்றர் உருக்குத் தகடு என்று அளவு சொல்கின்றன. உள்ளங்கை அளவுள்ள தடித்த தகடு ஒன்றைத் தரைக்கு அடியில் வைத்தால் சுமை ஒரு புள்ளியில் நில்லாமல் பரவும் என்பதே அதன் பொருள். பந்தய விதி வீதி வாகனத்துக்குச் சட்டமாகாது. ஆனால் எந்தத் திசையில் சிந்திக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி. போல்ற்றின் தலையில் பொறித்திருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். 8.8 என்று பொறித்த 10 மில்லிமீற்றர் போல்ற் 3 தொன்னுக்கு மேற்பட்ட இழுவையை நீளாமல் தாங்கும், 4.6 வகைச் சாதாரண போல்ற் அதில் பாதியைக்கூடத் தாங்காது. விலை வித்தியாசமோ மிகச் சிறியது. எல்லாவற்றையும்விட எளிய வழி, பட்டியின் செருகுபூட்டை வாகனத் தரையில் தொழிற்சாலை தந்த பழைய இடத்திலேயே விட்டுவிடுவது. வந்த ஆசனம் எதுவாக இருந்தாலும், மனிதரைத் தடுக்கும் சுமை அதற்கென்று செய்யப்பட்ட இடத்துக்கே போகும். அதற்காகப் பட்டி ஆசனத்தின் விளிம்பில் உரசாமல், இடுப்பெலும்பின் மீது தாழ்வாக அமைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆசனத்தை மாற்றுபவர் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. புதிய ஆசனம் உயரமாக இருந்தால் இடுப்புப் பட்டி வயிற்றின் மீது ஏறிவிடும். மோதலில் அது குடலையும் ஈரலையும் அறுக்கக்கூடும். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் பிறேக் பிடிக்கும்போதே ஆசனம் வழுக்கி, சாரதியின் கால் பெடலைவிட்டு விலகலாம். இடது ஆசனத்தை வலதுக்கு மாற்றும்போது செருகுபூட்டு கதவுப் பக்கம் வந்துவிடும். சாய்க்கும் நெம்புகோலும் மறுபக்கம் போய்விடும். இவற்றை மாற்றிப் பொருத்தாமல் ஆசனத்தை மட்டும் இடம் மாற்றுவது அரைகுறை வேலை. அண்மைக்கால ஆசனங்களின் பக்கவாட்டில் காற்றுப்பை இருக்கலாம். செருகுபூட்டுக்குள் வெடிமருந்தால் இயங்கும் இறுக்கியும் இருக்கலாம். அடியில் மஞ்சள் நிற இணைப்பான் தெரிந்தால் அவை உண்டென்று கொள்ள வேண்டும். அத்தகைய ஆசனத்தில் வெப்பமூட்டுவதோ ஒட்டுவேலை செய்வதோ கூடாது. பெஞ்ச் சீற் போய் இரண்டு தனி ஆசனங்கள் வந்தால், பதிவுச் சான்றிதழில் எழுதியுள்ள இருக்கை எண்ணிக்கை பொருந்தாமல் போகும். மூன்றாமவர் கியர்பெட்டியின் மேட்டில் பட்டியின்றி இருப்பார். முன்னாசனத்துக்கு அடியில் இயந்திரம் உள்ள வாகனங்களிலோ, ஆசனத்தோடு கழன்று போகும் வெப்பக் காப்பையும் திரும்பப் பொருத்த வேண்டும்.

சட்டம் இங்கே எங்கே நிற்கிறது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், 2011 ஒக்டோபர் முதல் சாரதியும் முன்னாசனப் பயணியும் ஆசனப்பட்டி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. அது வரவேற்க வேண்டிய விதி. ஆசனப்பட்டி முன்னாசனத்தில் இருப்பவரின் மரண ஆபத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை வீதி விபத்துகள் பறிக்கின்றன. ஆனால் அந்தப் பட்டி எதில் பிணைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கும் ஏற்பாடு இலகு வாகனங்களுக்கு நடைமுறையில் இல்லை. ஆண்டுக்கான வருமான அனுமதிப்பத்திரம் பெறக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றும் கேட்கப்படுகிறது. இரட்டைப் பயன்பாட்டு வாகனமாகப் பதிவான பிக்கப் ஒன்றோ புகைக்குழாயைக் காட்டிவிட்டுப் போய்விடலாம். அதன் தரை கறளில் கரைந்திருப்பதை எவரும் பார்ப்பதில்லை. பட்டி அணியாதவருக்குத் தண்டம் விதிக்கும் அரசு, அணிந்த பட்டி தாங்குமா என்று பார்ப்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

இதற்கு எழக்கூடிய எதிர்வாதங்கள் பொருட்படுத்தத் தக்கவை. போர்க்காலத்தில் எப்படியெப்படியோ ஓடினோம், ஒன்றும் ஆகவில்லை என்பது முதலாவது. அன்று குண்டும் குழியுமான வீதிகளில் மண்ணெண்ணெயில் இழுத்துக்கொண்டு போன வாகனம் 30 கிலோமீற்றர் வேகத்தைப் பிடிப்பதே பெரும்பாடு. இன்று காப்பெற் போட்ட ஏ9 வீதியில் அதே வயதான வாகனம் 70இல் போகிறது. மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது; 30இலிருந்து 70 ஆனால் சக்தி ஐந்து மடங்குக்கு மேல். வீதியைத் திருத்திய நாம், அந்த வீதியின் வேகத்துக்கு வாகனத்தின் தரையைத் திருத்தவில்லை. அன்று தப்பியது இன்றும் தப்புமென்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ஏழைக்கு இது மேலதிகச் செலவு என்பது இரண்டாவது. செலவு எங்கே போகிறது என்று பிரித்துப் பார்த்தால் இந்த வாதம் வலுவிழக்கும். ஆசனத்தின் விலையும் கூலியும் எப்படியும் கொடுக்கப்பட வேண்டியவை. அதற்கு மேல் கேட்கப்படுவது நான்கு தடித்த தகடுகள், தரமான போல்ற்றுகள், கறள் பிடித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு ஒட்டும் சில மணிநேர வேலை. உழைப்பவரின் முதுகும் உயிரும் அந்தக் குடும்பத்தின் ஒரே மூலதனமாக இருக்கும்போது, இந்தச் சேமிப்பு சேமிப்பாகாது. பரிசோதனைக் கட்டணத்தை அரசு மிகக் குறைவாகவோ இலவசமாகவோ வைக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதையும் சேர்த்தே கேட்க வேண்டும். பிக்கப்பின் பின்தட்டில் தொழிலாளர்கள் பட்டியும் ஆசனமும் இல்லாமல் நின்றுகொண்டு போகும்போது முன்னாசனத்தைப் பற்றி மட்டும் பேசுவானேன் என்றும் கேட்கலாம். அந்தக் கேள்வியின் கோபம் சரியானது. தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் மனிதரைச் சரக்கோடு ஏற்றிச் செல்வது இதைவிடப் பெரிய அநீதி, அதுவும் நிற்க வேண்டும். ஆனால் பெரிய தவறு ஒன்று திருந்தும்வரை சிறிய தவறைத் தொடரலாம் என்று ஆகிவிடாது. உயிர்காப்புக் கணக்கை ஓரிடத்தில் கற்றுக்கொண்ட சமூகம் அடுத்த இடத்திலும் அதைக் கேட்கத் தொடங்கும்.

மூன்றாவது எதிர்வாதம் மிகவும் கனமானது: இன்னொரு விதி வந்தால் வீதியில் மறிக்கும் பொலிஸாருக்கு இன்னொரு சாட்டுக் கிடைக்கும். சோதனைச் சாவடிகளோடு ஒரு தலைமுறையே வளர்ந்த மண்ணில் இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் பரிசோதனை வீதியோரத்தில் நடக்கக் கூடாது. ஆசனம் நிற்கும் போல்ற்றை மிதிபாயைத் தூக்கி, வாகனத்தின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். வீதியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பவரால் அதைத் தீர்மானிக்கவே முடியாது. 2025இன் தொடக்கத்தில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பூட்டிய மேலதிகப் பொருட்களைப் பொலிஸார் கழற்றச் சொன்னபோது, எது ஆபத்து, எது அலங்காரம் என்ற தெளிவு கிடைக்காமல் உரிமையாளர்கள் குழம்பினார்கள். தெளிவான எழுத்து இல்லாத இடத்தில்தான் சாட்டு பிறக்கிறது. ஒருமுறை பரிசோதித்துப் பதிவில் குறித்துவிட்டால், அந்தக் குறிப்பே சாரதிக்குக் காப்பாகும். விபத்துக்குப் பின் காப்புறுதி நிறுவனம் எழுப்பக்கூடிய கேள்விக்கும் அதுவே பதில்.

மறுபுறத்தில், எல்லா மாற்றங்களையும் தடை செய்துவிடலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பொன்றில், உற்பத்தியாளர் தந்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க முடியாது என்றது. புது வாகனமும் அசல் உதிரிப்பாகமும் கைக்கெட்டும் சந்தைக்கு அந்த வழி ஓரளவு பொருந்தலாம். ஏறக்குறைய ஐந்தாண்டு தனியார் வாகன இறக்குமதியே இல்லாதிருந்த நாட்டில், உற்பத்தியாளரே கைவிட்ட மொடலின் ஆசனத்தை எங்கே தேடுவது? தடை போட்டால் வேலை நிற்காது. இரவில், கதவடைத்து, கேள்வி கேட்க ஆளில்லாமல் நடக்கும். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வேறு வழியைத் தேர்ந்தன. அவுஸ்திரேலியாவில் இலகு வாகன மாற்றங்களுக்கான தேசிய நடைமுறைக் கோவையில் ஆசனங்களுக்கும் பயணி பாதுகாப்புக்கும் தனிப் பகுதியே இருக்கிறது. நியூசிலாந்தில் குறைந்த எண்ணிக்கையில் மாற்றியமைக்கப்படும் வாகனங்களைத் தகுதிபெற்ற சான்றாளர் ஒருவர் பார்த்து ஒப்புதல் அளிக்கிறார். மாற்றத்தை அனுமதித்து, அதன் தரத்தை உறுதிசெய்யும் அணுகுமுறை அது. நம்மைப் போலவே வலதுபக்க ஸ்ரியறிங்கும் ஜப்பானியப் பழைய வாகனங்களும் நிறைந்த நாடு நியூசிலாந்து என்பதால் அதன் அனுபவம் நமக்கு மிக நெருக்கமானது.

இதைச் செய்வதற்கான ஆட்களும் இடங்களும் வடக்கிலேயே இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே இடத்தில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தோடு சேர்ந்து முதலில் செய்ய வேண்டியது, படங்களோடு தமிழில் ஒரு சிறு கைநூல்: எங்கே துளை போடலாம், எந்தத் தகடு, எந்த போல்ற், செருகுபூட்டு எங்கே நிற்க வேண்டும், எந்த ஆசனத்தைத் தொடவே கூடாது. அடுத்தது, ஏட்டுப் படிப்பில்லாமல் கையால் கற்ற மெக்கானிக்குகளுக்கான அங்கீகாரம். முன்கற்றலை மதிப்பிட்டு தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள் ஆசனமும் ஆசனப்பட்டியும் பொருத்தும் தகுதியை ஓர் அலகாகச் சேர்க்கலாம். மூன்றாவது, அத்தகைய தகுதி பெற்றவர் செய்த வேலையை மாவட்டத்திலுள்ள பரிசோதகர் ஒருமுறை பார்த்துப் பதிவில் குறிப்பது. ஆண்டுதோறும் வரிசையில் நிற்க வைக்கும் ஏற்பாடு வேண்டியதில்லை. வருடாந்தப் புகைப் பரிசோதனையின்போது மிதிபாயைத் தூக்கித் தரையைப் பார்ப்பதை மட்டும் சேர்த்தால் கறள் பிடித்த தரைகள் தாமே வெளிப்படும்.

இந்த ஏற்பாடுகள் வரும்வரை யாரும் காத்திருக்கவும் தேவையில்லை. பழைய பிக்கப் வைத்திருப்பவர் அடுத்த முறை கராச்சுக்குப் போகும்போது முன்சீற்றைக் கழற்றச் சொல்லலாம். தரையைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லலாம். போல்ற்றின் தலையில் உள்ள எண்ணைத் தானே வாசிக்கலாம். செருகுபூட்டு ஆசனத்தில் நிற்கிறதா, தரையில் நிற்கிறதா என்று கேட்கலாம். ஆசனத்தில் நிற்கிறதென்றால் அதன் நான்கு கால்களும் குறுக்குச் சட்டத்திலோ தடித்த தகட்டிலோ பிடித்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்காமல் வாகனத்தை வெளியே எடுக்கக் கூடாது. வாடிக்கையாளர் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கினால், சரியாக வேலை செய்யும் மெக்கானிக்குக்கு அதற்குரிய கூலியும் மரியாதையும் கிடைக்கும். மலிவாகச் செய்து அனுப்புபவரும் திருந்துவார். பழையதைக் காப்பாற்றி ஓட வைக்கும் கெட்டித்தனத்துக்கு யாழ்ப்பாணம் யாரிடமும் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. அந்தக் கெட்டித்தனம் இனி வாகனத்துக்குள் இருப்பவரையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும். அதற்கான விதியை எழுதும் கடமை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு உண்டு. அதை எழுதும்படி வற்புறுத்தும் கடமை வடக்கின் மக்கள் பிரதிநிதிகளுக்கு உண்டு.